பழைய புல்லட்டில் கன்னியாகுமரி: நம்பிப் போக என்னென்ன மாற்ற வேண்டும்?

பிப்ரவரி 11, 2024 (கேள்வி)

அண்ணா, அப்பா 1979இல் வாங்கிய புல்லட் 350 வேளச்சேரி வீட்டில் இருக்கிறது. மிக்ஜாம் புயலில் இரண்டு நாள் சக்கர அச்சு மட்டத்துக்குத் தண்ணீரில் நின்றது. இப்போது ஓடுகிறது. ஜூன் கடைசியில் இதில் கன்னியாகுமரி போய்வர ஆசை. அப்பா 1984இல் அம்மாவைப் பின்னால் உட்கார வைத்துப் போன ஊர். நண்பர்கள் எலெக்ட்ரானிக் இக்னிஷன், புது கார்புரேட்டர், டிஸ்க் பிரேக், 12 வோல்ட் எல்லாம் போடச் சொல்கிறார்கள். கணக்குப் போட்டால் ஒரு லட்சத்தைத் தாண்டுகிறது. இதெல்லாம் போட்டால்தான் நம்பிப் போக முடியுமா?

பிப்ரவரி 11, இரவு (பதில்)

வேண்டாம் தம்பி. பணத்தைப் பத்திரமாக வையுங்கள்.

என்னுடையது 1974 மாடல். 2006இல் பெரம்பூரில் ஒரு ரயில்வே ஊழியரிடம் வாங்கினேன். இத்தனை வருடத்தில் வெளியூர்ப் பயணத்தில் என்னை நடுரோட்டில் நிறுத்தியவை நாலே நாலு: கிளட்ச் கேபிள், பேட்டரி எர்த் ஒயர், செயின் லாக் (செயினின் இரு முனையை இணைக்கும் கிளிப்), கண்டென்சர் (பிளக் பொறிக்கு உதவும் சின்ன மின்தேக்கி). எதுவும் இருநூறு ரூபாயைத் தாண்டாத சாமான். இந்த என்ஜின் 70 மில்லிமீட்டர் போர் (சிலிண்டர் அகலம்), 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்). நிதானமாகச் சுற்றுகிற என்ஜின். ஆயில் போய்ச் சேர்ந்தால் அது பாட்டுக்கு ஓடும். அதைச் சுற்றியிருக்கும் சில்லறைச் சாமான்கள்தான் நம்மை நிறுத்துகின்றன.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் வேறு ஒரு தொல்லை வரும். வண்டி நின்றால் எது காரணம் என்று கண்டுபிடிக்க முடியாது. பத்துப் புதுச் சாமான், பத்தும் சந்தேகம். ஒரு தடவைக்கு ஒன்றை மாற்றுங்கள். நூறு கிலோமீட்டர் ஓட்டுங்கள். அப்புறம் அடுத்தது.

பிப்ரவரி 12

வெள்ளத்தில் நின்ற வண்டி என்பதை நேற்று அவசரத்தில் தாண்டிவிட்டேன். அதுதான் முதல் வேலை.

"ஓடுகிறது" என்பது போதாது. அச்சு மட்டத்துக்குத் தண்ணீர் என்றால் இரண்டு பிரேக் டிரம்மிலும் சக்கர பேரிங்கிலும் தண்ணீர் புகுந்திருக்கும். செயின் கேஸுக்குள்ளும் (என்ஜினிலிருந்து கிளட்ச்சுக்குப் போகும் செயின் ஆயிலில் ஓடும் கூடு) தண்ணீர் போயிருக்கலாம். அதிலிருந்து கொஞ்சம் ஆயிலை வெள்ளைக் கிண்ணத்தில் பிடித்துப் பாருங்கள். பால் கலந்த காபி போல இருந்தால் தண்ணீர் இருக்கிறது. மலிவான ஆயில் ஊற்றி, ஐந்து நிமிடம் ஓட்டி, வடித்து, மறுபடி ஊற்றுங்கள். நிறம் தெளியும் வரை. கியர் பாக்ஸிலும் அதே சோதனை.

சக்கர பேரிங்கை வெளியிலிருந்து பார்த்து ஒன்றும் தெரியாது. சென்டர் ஸ்டாண்டில் நிறுத்திச் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, அச்சின் மேல் ஒரு நீளத் திருப்புளியின் நுனியை வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக் கேளுங்கள். நல்ல பேரிங் 'உம்' என்று ஒரே சுருதியில் ஒலிக்கும். துரு பிடித்தது மணலை அரைப்பது போல 'கரகர' என்னும். ஒருமுறை கேட்டால் மறக்காது. சந்தேகம் வந்தாலே மாற்றிவிடுங்கள்.

என்ஜின் ஆயிலைத் தினமும் காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் அளந்து பாருங்கள்.

பிப்ரவரி 12, இரவு 11 மணி

மேலே கடைசி வரியை அடித்துவிடுங்கள். தவறாகச் சொல்லிவிட்டேன். சாப்பிடும்போதுதான் உறைத்தது.

புல்லட்டில் ஆயில் தொட்டி என்ஜின் கூட்டிலேயே ஒரு தனி அறை. வண்டி நாள் கணக்கில் நின்றால் அந்த ஆயில் பம்பு வழியாகக் கசிந்து கிராங்க் பக்கம் இறங்கிவிடும். காலையில் அளவுக் குச்சியைப் பார்த்தால் குறைந்திருக்கும். ஐயோ என்று அரை லிட்டர் ஊற்றுவோம். ஸ்டார்ட் ஆனதும் பம்பு கீழே கிடந்ததை மேலே அனுப்பும். இப்போது தொட்டி நிறைந்து வழியும், சைலன்ஸர் வெள்ளையாகப் புகையும், "பிஸ்டன் ரிங் போச்சு" என்று ஒருவர் சொல்வார், சிலிண்டரைக் கடைந்து போர் போட்டுவிடுவோம். ஆயில் அளக்கத் தெரியாததால் என்ஜினைப் பிரித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் ஓடவிட்டு, நிறுத்தி, ஒரு நிமிடம் கழித்து அளவு பாருங்கள். நம் ஊர் வெயிலுக்கு 20டபிள்யூ-50 போதும்.

பிப்ரவரி 18

எலெக்ட்ரானிக் இக்னிஷன் பற்றித் திரும்பவும் கேட்டிருக்கிறீர்கள். அதன் மேல் எனக்குப் பகை இல்லை. நல்லது கிடைத்தால் வருடக்கணக்கில் தொட வேண்டாம். ஆனால் அது போகும்போது சொல்லாமல் போகும். பெரம்பலூரில் இரவு எட்டு மணிக்கு அந்தப் பெட்டி எங்கே கிடைக்கும்? பாயின்ட் (நம் வண்டியில் பொறிக்காகத் திறந்து மூடும் தொடுமுனை) அப்படியில்லை. முதலில் இழுவை குறையும், அப்புறம் கிக்கர் கூடுதலாகக் கேட்கும். முன்கூட்டியே சொல்லும்.

பாயின்ட்டைத் திறக்கச் சுழலும் கேமைத் தொடும் ஃபைபர் கட்டை தேயத் தேய பாயின்ட் இடைவெளி குறையும். இடைவெளி குறைந்தால் டைமிங் (பொறி விழும் நேரம்) பின்னுக்குப் போகும், என்ஜின் சூடேறும். 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் வரை வையுங்கள். இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் கையில் இல்லாத இடத்தில் ஒரு சாதாரண விசிட்டிங் கார்டு கிட்டத்தட்ட அந்தக் கனம்தான். கார்டைச் செருகி மெல்ல இழுத்தால் லேசாகப் பிடித்து வர வேண்டும். அந்தக் கார்டே பாயின்ட்டின் முகத்தைத் துடைத்துவிடும்.

கண்டென்சர்தான் வில்லன். 2011இல் திண்டிவனம் தாண்டி என் வண்டி திணறித் திணறி நின்றது. மே மாத வெயில். கிக்கர் அடித்து அடித்துச் சட்டை நனைந்தது. புளியமரத்தடியில் தள்ளி நிறுத்தி, பொறுமையாகக் கண்டென்சரை மாற்றினேன். இருபது நிமிடம் ஆகியிருக்கும். முதல் கிக்கரில் ஸ்டார்ட். அன்றிலிருந்து கண்டென்சர் இரண்டு இல்லாமல் செங்கல்பட்டு தாண்டுவதில்லை. அது இருக்கும் இடமும் சூடான இடம். பாயின்ட் இருக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ளிருந்து எடுத்து, டேங்குக்கு அடியில் காயில் பக்கத்தில் போல்ட்டு போட்டு வைத்திருக்கிறேன். ஒயர் ஒரு சாண் கூடுதலாகும், அவ்வளவுதான்.

பிப்ரவரி 20

சின்ன விஷயம். பானா (ஸ்பேனர்) செட் வாங்கும் முன் வண்டியில் உள்ள ஒவ்வொரு நட்டையும் கையிலிருக்கும் பானாவால் தொட்டுப் பாருங்கள். அந்தக் கால வண்டியில் இங்கிலீஷ் சைஸ் இருக்கும். நாற்பது வருடத்தில் எத்தனையோ மெக்கானிக்குகள் மில்லிமீட்டர் நட்டைப் போட்டிருப்பார்கள். என் வண்டியில் பின்சக்கரத்தைக் கழற்ற மட்டும் மூன்று பானா வேண்டும். எந்த இடத்துக்கு எது என்று ஒரு தாளில் எழுதி டூல் பாக்ஸ் மூடிக்குள் ஒட்டிவையுங்கள்.

மார்ச் 3

சாமான் எங்கே வாங்குவது என்று கேட்டீர்கள். புதுசுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, பழசுக்குப் புதுப்பேட்டை. இரண்டு இடத்திலும் அவசரப்படாமல் நின்று பார்க்க வேண்டும்.

புது சாமான் எல்லாம் நல்ல சாமான் என்று நினைக்காதீர்கள். போன வருடம் வாங்கிய ஒரு பாயின்ட் செட்டில் ஃபைபர் கட்டை 300 கிலோமீட்டருக்குள் பாதி தேய்ந்துவிட்டது. பெட்டி பளபளவென்று இருந்தது. அதற்கு மாறாக, புதுப்பேட்டையில் ஒரு பாய் பழைய டப்பாவைக் கவிழ்த்து, எண்ணெய்க் கறை படிந்த பாயின்ட் ஒன்றைத் தேடி எடுத்துக் கொடுத்தார். கட்டையை நகத்தால் கீறிப் பார்க்கச் சொன்னார். கீறல் விழவில்லை. "புதுசை இதே மாதிரி கீறிப் பாருங்க, மாவு மாதிரி வரும்" என்றார். வந்தது.

அதனால் பயணத்துக்கென்று வாங்கும் சாமானை நேராக டூல் பாக்ஸில் போடாதீர்கள். வண்டியில் மாட்டி 500 கிலோமீட்டர் ஓட்டுங்கள். சரியாக இருந்தால், கழற்றிய பழைய நல்ல சாமான் டூல் பாக்ஸுக்குப் போகட்டும். அது ஓடும் என்று நமக்குத் தெரியும்.

நம் ஊரில் செய்த வண்டி இது. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்து கம்பெனியும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூர்த் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள் இருந்த தெருக்களில் இன்னும் கை பழகிய ஆட்கள் இருக்கிறார்கள். உங்கள் அப்பாவிடம் கேளுங்கள், 1979இல் யாரிடம் வேலைக்கு விட்டார் என்று. அந்தக் கடையில் இன்று மகன் உட்கார்ந்திருக்கலாம்.

மார்ச் 10

உங்கள் வண்டி இருபத்தைந்து கிலோமீட்டரில் திணறி நிற்கிறது, கால் மணி நேரம் விட்டால் ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகிறது, கண்டென்சர் மாற்றியும் போகவில்லை என்கிறீர்கள். இரண்டாவது கண்டென்சர் வாங்க வேண்டாம். அடுத்த முறை நின்றதும் எதையும் தொடாமல் பெட்ரோல் டேங்க் மூடியைத் திறந்து காதை வையுங்கள்.

மார்ச் 11

'உஸ்' என்று சத்தம் வந்ததா! மூடியில் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. பெட்ரோல் இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வர வேண்டும். வராவிட்டால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகிப் பெட்ரோலை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். கார்புரேட்டர் காய்ந்து வண்டி நிற்கும். கொஞ்ச நேரத்தில் எங்கிருந்தாவது காற்று கசிந்து சரியாகும். சூட்டில் கண்டென்சர் போவதற்கும் இதற்கும் வெளிப்பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. வெள்ளச் சேறு உலர்ந்து துளையில் உட்கார்ந்திருக்கும். மெல்லிய கம்பியால் குத்தி, வாயால் ஊதிப் பாருங்கள்.

மார்ச் 17

ஒரு வாரமாக மனசு கேட்கவில்லை. திண்டிவனம் கதையை யோசித்துக்கொண்டே இருந்தேன்.

2011இல் அந்தப் பயணத்துக்கு ஒரு வாரம் முன்னால்தான் பூட்டு வைத்த டேங்க் மூடி ஒன்று வாங்கி மாட்டியிருந்தேன். அடுத்த மாதம் சாவி தொலைந்து பழைய மூடிக்கே திரும்பினேன். அன்று திண்டிவனத்திலிருந்து திரும்பும்போது பயத்தில் இருபது கிலோமீட்டருக்கு ஒருமுறை நிறுத்தி, பெட்ரோல் இருக்கிறதா என்று மூடியைத் திறந்து பார்த்துக்கொண்டே வந்தேன்.

அன்று கழற்றிய கண்டென்சர் இன்னும் டப்பாவில் கிடந்தது. இன்று காலை அதையே மாட்டி மாமல்லபுரம் போய்வந்தேன். நூறு கிலோமீட்டருக்கு மேல். போகும்போதும் வரும்போதும் எங்கும் ஒரு திணறல் இல்லை. அன்று வண்டியைக் கிளப்பியது புது கண்டென்சர் இல்லை, அதை மாற்ற நான் எடுத்துக்கொண்ட இருபது நிமிடம். பதின்மூன்று வருடம் நல்ல சாமான் மேல் பழி போட்டிருக்கிறேன். நாலு என்று முதல் நாள் சொன்ன கணக்கில் கடைசியை மாற்றிக்கொள்ளுங்கள்: கண்டென்சர் இல்லை, டேங்க் மூடி.

கண்டென்சர் போவதே இல்லை என்று சொல்லவில்லை. பாயின்ட் மூடியைக் கழற்றி, வண்டி திணறும்போது பாருங்கள். பாயின்ட் நடுவில் பளீரென்று பொறி பறந்தால் கண்டென்சர் போய்விட்டது. முதலில் பாருங்கள், அப்புறம் மாற்றுங்கள். இதை அன்றே நான் செய்திருக்க வேண்டும்.

மார்ச் 24

எல்லா ஜாயின்ட்டிலும் ஆயில் கசிகிறது என்றால் ஜாயின்ட் நடுவில் வைக்கும் கேஸ்கெட்டைத் தொடும் முன் என்ஜினின் மூச்சுக் குழாயைப் பாருங்கள். அதன் நுனியில் வாத்து அலகு மாதிரி ஒரு ரப்பர் வாய் இருக்கும். பிஸ்டன் இறங்கும்போது காற்றை வெளியே விட்டு, ஏறும்போது மூடிக்கொள்ளும். ரப்பர் இறுகிப் போனால் அழுத்தம் உள்ளேயே தங்கி, எங்கே சந்து கிடைக்குமோ அங்கே ஆயிலைத் தள்ளும். விரலால் நசுக்கிப் பாருங்கள். மெத்தென்று இருக்க வேண்டும். புதுசு ஐம்பது ரூபாய்கூட இருக்காது.

ஏப்ரல் 7

வண்டி தயாரா என்று எப்படித் தெரியும் என்ற கேள்விக்கு நான் வைத்திருக்கும் வழி இதுதான். முதலில் மாமல்லபுரம். அப்புறம் காஞ்சிபுரம். அப்புறம் புதுச்சேரி. கடைசியாகத் திருவண்ணாமலை, போக 195 கிலோமீட்டர். ஒவ்வொன்றிலும் வீடு திரும்பிய உடனே, சூடு ஆறும் முன், எல்லா நட்டையும் கையால் தொட்டுப் பாருங்கள். எது தளர்ந்தது, எங்கே ஈரம், பிளக் என்ன நிறம் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒன்றும் கழலாமல் வந்தால்தான் அடுத்த ஊர். கழன்றால் சரிசெய்து அதே ஊருக்குத் திரும்பப் போங்கள்.

இரண்டு தடவை அதே நட்டு தளர்ந்தால் குற்றம் நட்டில் இல்லை, அதிர்வில். என்ஜின் தலையை ஃபிரேமோடு பிடிக்கும் அந்தச் சின்னத் தகட்டுத் தாங்கியைப் பாருங்கள். அது ஆடினால் வண்டி முழுக்க ஆடும். ஹெட்லைட் பல்பு அடிக்கடி போவதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம்.

மே 5

காஞ்சிபுரம் மூன்று தடவை போயாயிற்று என்று எழுதியதைப் படித்தேன். மனசு நிறைந்தது. அலுத்துக்கொள்ளாதீர்கள்.

பிளக் வெள்ளையாக வருகிறது என்கிறீர்கள். காபித் தூள் நிறம்தான் சரி. வெள்ளை என்றால் பெட்ரோல் போதவில்லை, என்ஜின் சூடாகிறது. இப்போது பம்பில் வருவது எத்தனால் கலந்த பெட்ரோல். அதற்குக் கொஞ்சம் கூடுதலாக ஊற்ற வேண்டியிருக்கிறது. கார்புரேட்டரில் பெட்ரோல் அளவை விடும் மெயின் ஜெட்டை ஒரு நம்பர் ஏற்றிப் பாருங்கள். பழைய ரப்பர் பெட்ரோல் குழாயும் ஊறிப் பிசுபிசுத்துப் போகும். அதையும் மாற்றி, நடுவில் ஒரு சின்ன ஃபில்டர் போடுங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் டேங்கில் பெட்ரோலைத் தேக்கி வைக்காதீர்கள்.

முதல் நாள் என்ஜின் என்னை நிறுத்தியதே இல்லை என்று தோன்றும்படி எழுதிவிட்டேன். ஒரு தடவை நிறுத்தியது. 2008இல் போர் போட்ட கையோடு, இருநூறு கிலோமீட்டர் ஓடியிருக்கும், வண்டலூர் தாண்டி 90இல் போனேன். பிஸ்டன் பிடித்துக்கொண்டு பின்சக்கரம் கோடு போட்டது. கிளட்ச்சைப் பிடித்ததால் விழவில்லை. உங்கள் வண்டியில் போர் போட்டிருந்தால் முதல் 500 கிலோமீட்டர் 50ஐத் தாண்ட வேண்டாம். ஓடிப் பழகிய பிறகும் நெடுஞ்சாலையில் 70 போதும். திருச்சி 330 கிலோமீட்டர். காலை நாலு மணிக்குக் கிளம்பினால் வெயில் உச்சிக்கு வரும் முன் போய்ச் சேரலாம். அங்கேயே தங்குங்கள்.

ஜூன் 16

கடைசி நேரத்துக்கு இரண்டு மூன்று விஷயம்.

மாற்று கிளட்ச் கேபிளைப் பையில் வைக்காதீர்கள். ஓடுகிற கேபிளோடு சேர்த்து, அதே வளைவில் ஓடவிட்டு, இரு முனையிலும் டேப் சுற்றிக் கட்டிவையுங்கள். அறுந்தால் முனையை மாற்றி மாட்ட ஐந்து நிமிடம். டேங்கைக் கழற்ற வேண்டாம். செயின் லாக்கின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். என்னுடையதைத் திருப்பி மாட்டியிருந்தார்கள். அப்படித்தான் மேலூர் பக்கம் கழன்று போனது.

டிஸ்க் பிரேக் ஆசை இன்னும் போகவில்லை என்று தெரிகிறது. முன் பிரேக் ஷூவை உங்கள் டிரம்மின் அளவுக்கே லேத்தில் கடைந்து வாங்கிப் பாருங்கள். அம்பத்தூரில் செய்து கொடுப்பார்கள். ஷூ முழுப் பரப்பும் டிரம்மைத் தொட்டால் பிடிமானம் வேறு மாதிரி இருக்கும். ஆனாலும் டிரம் டிரம்தான். பஸ்ஸுக்குப் பின்னால் ஒட்டிப் போகாதீர்கள்.

ஓடும்போது அம்மீட்டர் (பேட்டரியில் மின்சாரம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று காட்டுவது) முள் நடுவுக்கு வலப்பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்க வேண்டும். பகலில் இடப்பக்கம் போனால் உடனே நிறுத்திப் பாருங்கள். பேட்டரி இறங்கினால் பொறியும் இறங்கும்.

வள்ளியூர் தாண்டினால் காற்று. காற்றாலைகளைப் பார்த்ததும் வேகத்தைக் குறையுங்கள். ஜூன் மாதம் அங்கே பக்கவாட்டில் தள்ளும். கனமான வண்டிதானே என்று இருக்க வேண்டாம்.

ஜூலை 4

படம் பார்த்தேன். அப்பா ரயிலில் வந்து, கடற்கரையில் வண்டி மேல் கை வைத்து நிற்கிறார். வீட்டில் எல்லாரிடமும் காட்டினேன்.

போக வர 1,400 கிலோமீட்டருக்கு மேல். ஸ்பீடோமீட்டர் கேபிள் அறுந்தது, சைலன்ஸர் போல்ட்டு ஒன்று விழுந்தது, ஆயில் முக்கால் லிட்டர் குடித்தது. இதில் ஆயில் கணக்கு மட்டும் எனக்குக் கொஞ்சம் அதிகமாகப் படுகிறது. மூச்சுக் குழாயின் ரப்பர் வாயைப் போகும் முன் மாற்றினீர்களா, இல்லை பழசா? புகை ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் வருகிறதா, ஓடிக்கொண்டிருக்கும்போதும் வருகிறதா? ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரம் வரை ஒரு சுற்று போய்வந்து எழுதுங்கள். கிளம்பும் முன் ஐந்து நிமிடம் ஓடவிட்டு ஆயில் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள்.